கலர்பாரையும் கொஞ்சம் பாருங்கள், சார்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

பிஎச்டி பிள்ளைகளுக்கு கைடாக இருக்கிறவர்கள், டாக்டோரல் கமிட்டியில் உட்காருகிறவர்கள், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கென்று வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள், உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆய்வேட்டில் மேற்கோள் ஒழுங்காக இருக்கிறதா, ஓரத்து மார்ஜின் சரியாக விட்டிருக்கிறதா, அட்டவணைக்கு மேலே தலைப்பா கீழே தலைப்பா என்றெல்லாம் பார்க்கிறீர்கள். படத்துக்குப் பக்கத்தில், எந்த நிறம் எந்த எண் என்று சொல்லிக்கொண்டு ஒல்லியாக நிற்கிற அந்த வண்ணப்பட்டையை, அதாவது கலர்பாரை, யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் "இன்னும் கொஞ்சம் கலர்ஃபுல்லாப் போடுப்பா" என்பதோடு சரி. அந்த ஒரு வாக்கியத்தால் என்ன ஆகிறது என்று உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் என்னைப் பற்றி. எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. சின்ன வயதில் அம்மா கொல்லைக்கு அனுப்பி "பழுத்த மிளகாயா நாலு பறிச்சிட்டு வா" என்றால், செடி முன்னால் போய் நின்று ஒவ்வொரு மிளகாயாகத் தொட்டுப் பார்ப்பேன். பழுத்தது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அதுதான் எனக்கு அடையாளம். அப்படியும் இரண்டு பச்சை மிளகாய் கலந்து வந்துவிடும், திட்டும் விழும். இந்தக் குறைபாட்டை முதன்முதலில் விளக்கமாக எழுதிவைத்தவர் நாம் பள்ளியில் அணுக்கொள்கைக்காகப் படித்த அதே ஜான் டால்டன்தான், 1794-ல். சிவப்பு அரக்கும் மரத்தின் இலையும் தனக்கு ஒரே நிறமாகத் தெரிகிறது என்கிற மாதிரி அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது, அடடா, நம் மிளகாய்க் கதைதானே இது என்று தோன்றியது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் கிட்டத்தட்ட 12 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. உங்கள் துறையிலேயே ஒருவர் இருப்பார், சொல்லிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கடிதத்தை எனக்குக் கண் தெரியவில்லை என்கிற குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் படங்களில் போடுகிற வானவில் வண்ணம், கண் நன்றாகத் தெரிகிறவர்களைத்தான் இன்னும் மோசமாக ஏமாற்றுகிறது. நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன்.

என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் வங்காள விரிகுடாவின் கடல்மேற்பரப்பு வெப்பநிலை பற்றியது. 26 டிகிரியிலிருந்து 31 டிகிரி வரைக்குமான தரவு. எனக்கு முன்னால் லேபில் இருந்த அண்ணன் விட்டுப்போன, படம் வரைகிற ஸ்கிரிப்டை எடுத்து ஓட்டினேன், அதில் கலர்மேப், அதாவது எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்கிற வண்ண வரிசை, என்று இருந்த இடத்தில் 'ஜெட்' என்று எழுதியிருந்தது. நீலத்தில் ஆரம்பித்து, சியான், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் அடர்சிவப்பு. படம் வந்ததும் விரிகுடாவுக்குக் குறுக்கே பளிச்சென்று ஒரு மஞ்சள் விளிம்பு. இந்தப் பக்கம் ஒரு நீர், அந்தப் பக்கம் வேறு நீர் என்று கத்தியால் கீறின மாதிரி. கைடுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. "இங்கே ஒரு வெப்ப முகப்பு காணப்படுகிறது" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன், அதற்குக் காற்று, நீரோட்டம் என்று காரணமும் தேடிக் கண்டுபிடித்தேன்.

பல மாதம் கழித்து வேறு ஏதோ வேலைக்காக அதே தரவை, அடர் ஊதாவில் ஆரம்பித்து மஞ்சள் வரை வெளிச்சம் சீராக ஏறுகிற 'விரிடிஸ்' வண்ணத்தில் போட்டேன். முகப்பைக் காணோம். வடக்கிலிருந்து தெற்கே மெல்ல மெல்ல ஏறுகிற ஒரு சாதாரண வெப்பநிலை, அவ்வளவுதான். அப்புறம் உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன். ஜெட்டில் மஞ்சள் உச்சத்துக்கு வருவது அளவுகோலின் 62 சதவீதத்தை ஒட்டி, 26-க்கும் 31-க்கும் நடுவே அது 29.1 டிகிரி. நான் எழுதின முகப்பு அச்சு அசலாக 29.1 டிகிரிக் கோட்டின் மேலேயே போயிருந்தது. அதாவது கடலில் இல்லாத ஒன்றை, வண்ணப்பட்டையில் இருந்த மஞ்சளைப் பார்த்து, நான் ஒன்றரைப் பக்கம் விளக்கியிருந்தேன். அதை யாரும் பிடிக்கவும் இல்லை. சமர்ப்பிப்பதற்கு முன்னால் நானே வெட்டியெடுத்தேன், இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

இது ஏன் நடக்கிறது என்றால், நம் கண் முதலில் படிப்பது வெளிச்சத்தை, நிறம் அதற்கு அப்புறம்தான். ஜெட்டில் வெளிச்சம் ஒரே சீராக ஏறுவதில்லை. இருட்டு நீலத்தில் கிளம்பி சியானில் ஒரு முறை பளிச்சிடும், மஞ்சளில் இன்னொரு முறை, பிறகு சரிந்து இருட்டுச் சிவப்பில் முடியும். பளிச்சிடுகிற இடத்திலெல்லாம் கண் ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. நடுவில் பச்சையாகக் கிடக்கிற அகலமான பட்டையிலோ தரவு மாறினாலும் கண்ணுக்கு மாற்றமே தெரியாது. ஒரு இடத்தில் இல்லாததைக் காட்டும், இன்னொரு இடத்தில் இருப்பதை மறைக்கும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, 1990-களிலிருந்தே ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2007-ல் போர்லாண்டும் டெய்லரும் எழுதின கட்டுரையின் தலைப்பிலேயே வானவில் வண்ணம் 'இன்னமும்' கேடுதான் என்று இருக்கும், அந்த 'இன்னமும்' என்ற சொல்லில் எவ்வளவு சலிப்பு பாருங்கள். 2011-ல் ஹார்வர்டில் மிஷெல் போர்கின் குழு மருத்துவ மாணவர்களிடம் இதய ரத்தக்குழாய்ப் படங்களைக் கொடுத்துச் சோதித்தது. தட்டையான படம், அதே தரவு. வானவில்லில் ஆபத்தான இடங்களில் 62 சதவீதத்தைக் கண்டுபிடித்தவர்கள், வண்ணத்தை மட்டும் மாற்றியதும் 91 சதவீதம் கண்டுபிடித்தார்கள்.

ஜெட் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஒரு சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில் வானியற்பியல் பாய்மத் தாரை ஒன்றை சிமுலேட் செய்தபோது புழங்கிய வண்ணம், தாரைக்கு ஆங்கிலத்தில் ஜெட், அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது மேட்லேப் என்கிற கணக்கீட்டு மென்பொருளில் டிஃபால்ட் ஆனது, மேட்லேப்பைப் பார்த்து, பைதானில் படம் வரைகிற மேட்பிளாட்லிப்பிலும் டிஃபால்ட் ஆனது, டிஃபால்ட்டாக இருந்ததால் உலகம் பூராவும் ஆனது. யாரும் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்தது இல்லை. பிறகு அவர்களே திருந்தினார்கள். மேட்லேப் 2014-ன் இரண்டாம் வெளியீட்டில் 'பருலா' என்கிற வேறு வண்ணத்துக்கு மாறியது. மேட்பிளாட்லிப்புக்காக ஸ்டெஃபான் வான் டெர் வால்ட்டும் நதானியேல் ஸ்மித்தும் விரிடிஸைச் செய்தார்கள், 2017 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பிலிருந்து அதுதான் டிஃபால்ட். அதாவது இன்றைக்கு ஒரு மாணவன் வண்ணத்துக்கென்று எதுவுமே எழுதாமல் விட்டாலே நல்ல படம் வரும். நம் லேப்களில் வானவில் வருகிறது என்றால், யாரோ வேலை மெனக்கெட்டு 'ஜெட்' என்று டைப் செய்கிறார்கள் என்று அர்த்தம். ஏன் டைப் செய்கிறான் என்று கேட்டால், "சார்தான் கலர்ஃபுல்லா வேணும்னார்" என்கிறான்.

சரி, ஜெட்டை விடுங்கள். அதை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், அதுவும் தப்பு. போன மாதம் ஒரு ஜூனியர் தம்பி வந்தான், 2023 டிசம்பர் தென்மாவட்ட மழையைப் படமாகப் போட்டிருந்தான். அந்த மழையை உங்களுக்கு நினைவிருக்கும், டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. பையன் விரிடிஸ்தான் போட்டிருந்தான், பாவம். ஆனால் அளவுகோலின் அடியும் முடியும் எது என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் மேட்பிளாட்லிப் தரவிலேயே சின்ன எண்ணையும் பெரிய எண்ணையும் எடுத்துக்கொள்ளும். அடி 0, முடி 95 செ.மீ. இப்போது 21 செ.மீ. பெய்த ஊர் எங்கே விழும்? கீழிருந்து ஐந்தில் ஒரு பங்கில், அடர் ஊதாவில். இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 20.45 செ.மீ.க்கு மேல் போனாலே அது அதிகனமழை, சிவப்பு எச்சரிக்கை விடுகிற மழை. அது இவன் படத்தில் தூறல் போட்ட ஊரோடு சேர்ந்து ஒரே இருட்டில் கிடந்தது. காயல்பட்டினம் என்ற ஒற்றைப் புள்ளி மொத்த வண்ணத்தையும் தின்றுவிட்டது.

"அண்ணே, கோடிங் சரியாத்தானே இருக்கு, எரர் வரலையே" என்றான். எரர் வராதுடா தம்பி, இதில் எரரே வராது, அதுதான் பிரச்சினையே.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். மழைக்கு வானிலைத் துறையே எல்லைகள் வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ.லிருந்து லேசான மழை, 15.6-லிருந்து மிதமானது, 64.5-லிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-லிருந்து அதிகனமழை. இந்த எண்களை ஒரு பட்டியலாக எழுதி மேட்பிளாட்லிப்பில் இருக்கிற 'பவுண்டரிநார்ம்' என்கிற ஒன்றிடம் கொடுத்தால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் என்று பிரித்துக்கொள்ளும். 2.5-க்குக் கீழே 'அண்டர்' என்று தனி நிறம், வெளிர்சாம்பல் கொடுத்தோம். மேலே அதிகனமழை முழுக்க ஒரே நிறமாகிவிடும் என்பதால், இந்தக் குறிப்பிட்ட நாளுக்காக 400, 600 என்று இரண்டு எல்லை கூடச் சேர்த்தோம், இல்லாவிட்டால் 21 செ.மீ.யும் 95 செ.மீ.யும் ஒன்று போலத் தெரியும். நிறங்களை நாங்களே வரிசையாகக் கொடுத்தோம், வெளிரில் ஆரம்பித்து ஒவ்வொன்றும் முந்தினதைவிட ஒரு படி இருட்டாக. எல்லாம் சேர்த்து 6 வரி கோடிங். படம் வந்ததும் பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தூத்துக்குடியும் திருநெல்வேலியும் முழுசாக அடர்ந்து நின்றன. முதல் படத்தில் காயல்பட்டினமும் திருச்செந்தூரும் மட்டும்தான் நனைந்த மாதிரி இருந்தது.

இதே பிரச்சினை ஆஸ்திரேலியாவுக்கும் வந்திருக்கிறது, வேறு திசையிலிருந்து. அவர்களின் வானிலைத் துறை வெப்பநிலை வரைபடத்துக்கு முன்கூட்டியே உச்சி வைத்திருந்தது, 50 டிகிரி. 2013 ஜனவரியில் முன்கணிப்பு அதையும் தாண்டியதால் 54 டிகிரி வரை நீட்டி, மேலே ஊதாவும் இளஞ்சிவப்பும் சேர்த்தார்கள். நான் சொல்ல வருவது, அளவுகோலின் உச்சி எது என்பது மனிதர் ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு, தாண்டினால் என்ன செய்வது என்பதும்தான். நம் பிள்ளைகள் அந்த முடிவை எடுப்பதே இல்லை, தரவில் வந்த பெரிய எண்ணே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பக்கத்துப் பக்கத்தில் 2015 மழை, 2023 மழை என்று இரண்டு படம் போடுகிறார்கள், இரண்டுக்கும் வேறு வேறு உச்சி, ஒரே மஞ்சள் ஒரு படத்தில் 30 செ.மீ., இன்னொன்றில் 90. கீழே "இரண்டையும் ஒப்பிட்டால்" என்று ஒரு பத்தி வேறு. எதை ஒப்பிடுவது?

அடுத்தது இயல்பிலிருந்து விலகலைக் காட்டுகிற படங்கள். கூடுதல் மழை ஒரு நிறம், குறைவு இன்னொரு நிறம், நடுவில் வெள்ளை. கேட்க எளிதாக இருக்கும். தரவு குறைந்தபட்சம் மைனஸ் 20, அதிகபட்சம் பிளஸ் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பூஜ்ஜியத்தை யாரும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் வெள்ளை போய் பிளஸ் 20-ல் உட்கார்ந்துவிடும். இயல்பைவிட 20 சதவீதம் அதிகம் பெய்த மாவட்டம் 'இயல்பு' என்று வெளுத்துக் கிடக்கும், சரியாக இயல்பான மழை பெய்த மாவட்டம் பற்றாக்குறை நிறத்தில் நிற்கும். இதற்கு 'டூஸ்லோப்நார்ம்' என்று ஒன்று உண்டு, பூஜ்ஜியத்தை வெள்ளையில் கட்டிப்போடும். ஆனால் அது இரண்டு பக்கத்தையும் முழுசாக இழுத்துவிடும், மைனஸ் 20-க்கும் பிளஸ் 60-க்கும் ஒரே அடர்த்தி வந்துவிடும், சின்னப் பற்றாக்குறை பெரிய வறட்சி மாதிரி தெரியும். நான் எப்போதும் 'சென்டர்ட்நார்ம்' போடுவேன், இரண்டு பக்கமும் 60. ஒரு பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும், தரவு அப்படித்தானே இருக்கிறது. (சில நூலகங்கள் தரவில் மைனஸும் பிளஸும் கலந்திருந்தால் தாங்களாகவே பூஜ்ஜியத்தை நடுவில் வைத்து நீலம்-சிவப்பு போட்டுவிடும். செல்சியஸ் வெப்பநிலைக்கும் அப்படியே செய்யும். ஊட்டி உறைபனியில் ஆய்வு செய்கிறவர்கள் தவிர நமக்கு அந்தத் தொல்லை இல்லை.)

அப்புறம் அந்த ஒரு எழுத்து. மேட்பிளாட்லிப்பில் எந்த வண்ணப்பெயரின் கடைசியிலும் ஒரு அடிக்கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்தால் வண்ணம் தலைகீழாகும். ஒருவர் வெப்பநிலைக்காக எழுதின ஸ்கிரிப்டை இன்னொருவர் மழைக்கு எடுத்து ஓட்டுவார், அதில் அந்த 'ஆர்' இருக்கும், அதிக மழை சிவப்பாகவும் வறட்சி நீலமாகவும் வந்துவிடும். கலர்பாரைப் பார்த்தால் சரிதான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யார் பார்க்கிறார்கள்? சிவப்பைப் பார்த்ததும் காய்ந்துபோன பூமி என்றுதான் எல்லாரும் படிப்பார்கள். மழைக்குப் பழுப்பிலிருந்து பச்சைநீலம் வரை போகிற வண்ணம் ஒன்று தயாராகவே இருக்கிறது, சிந்தியா புரூவர் வரைபடங்களுக்கென்று உருவாக்கின தொகுப்பில் வருவது. கடல் ஆராய்ச்சிக்கென்றே 'சிமோஷன்' என்ற தொகுப்பு இருக்கிறது, உப்புத்தன்மைக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று என்று. எல்லாம் இலவசம்.

தரவு இல்லாத இடத்தைச் சொல்ல மறந்துவிட்டேன், எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அதுதான். மழைமானி பழுதான நிலையம், செயற்கைக்கோளை மேகம் மறைத்த கடல் என்று எங்கேயாவது தரவு இல்லாமல் போகும். மேட்பிளாட்லிப் அந்த இடத்தில் எதையும் வரையாது, பின்னால் இருக்கிற வெள்ளைத் தாள் தெரியும். விலகல் படத்தில் வெள்ளைக்கு என்ன அர்த்தம்? இயல்பு! ஆக, மழைமானியை வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஊர் 'இயல்பான மழை' என்று படத்தில் நிற்கும். தரவு இல்லாத இடத்துக்கான 'பேட்' நிறம் சாம்பல் என்று ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அந்த ஒரு வரி இல்லாத ஆய்வேடுகளை நான் எத்தனை பார்த்துவிட்டேன் என்று கணக்கே இல்லை.

இதையெல்லாம் மாணவர்களிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவார்கள், விரிடிஸில் மாற்றுவார்கள், அடுத்த வாரம் மறுபடி வானவில்லோடு வருவார்கள். "டல்லா இருக்காம், கமிட்டியில சொன்னாங்க." ஒருவனுக்கு "பழைய படங்களோட மேட்ச் ஆகலை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவன் என்ன செய்வான்? கையெழுத்து உங்களுடையது. 2020-ல் ஃபேபியோ கிராமெரியும் கூட்டாளிகளும் நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார்கள், அறிவியலில் வண்ணத்தைத் தப்பாகப் பயன்படுத்துவது பற்றி, யாரும் படிக்கலாம். கிராமெரி தானே செய்த 'பட்லோ' என்ற வண்ணமும் இருக்கிறது, வானவில் மாதிரிப் பல நிறமும் வேண்டும், வெளிச்சமும் சீராக ஏற வேண்டும் என்கிறவர்களுக்குச் சரியாக வரும். கலர்ஃபுல்லாகத்தான் வேண்டும் என்றால் அதையாவது கேளுங்கள் சார், நான் குறுக்கே நிற்கவில்லை. கூகுள் 2019-ல் 'டர்போ' என்று ஒன்றை வெளியிட்டது, ஜெட்டைவிட வழவழப்பானதுதான், ஆனாலும் இரண்டு முனையும் இருட்டு, அளவைப் படிக்கிற படத்துக்கு நான் தொட மாட்டேன்.

வைவாவில் வண்ணத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த அளவுகோலின் அடியும் முடியும் ஏன் இது, நீ வைத்ததா, அதுவாக வந்ததா? அவ்வளவு போதும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் தாங்களாகவே யோசித்துவிட்டு வருவார்கள். முடிந்தால் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் படம் வரைந்த ஸ்கிரிப்டையும் சேர்க்கச் சொல்லுங்கள், வண்ணம் சம்பந்தப்பட்ட வரிகள் பத்து கூட வராது.

அதுவும் வேண்டாம், பெரிய வேலை என்றால், ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் மேஜையில் இப்போது கிடக்கிற ஆய்வேட்டில் வானவில் போட்ட பக்கம் ஒன்றை எடுத்து, பல்கலைக்கழக வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் பாதிப் பேர் கலர் பிரிண்டுக்குக் காசு பார்த்து அப்படித்தான் எடுத்துப் படிக்கிறார்கள். அந்தத் தாளில் அதிகபட்சம் எந்த இடம், குறைந்தபட்சம் எந்த இடம் என்று கலர்பாரைத் தொடாமல் விரல் வைத்துக் காட்டுங்கள். அடர்நீலமும் அடர்சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே கறுப்பாக வந்திருக்கும்.

இப்படிக்கு,
மிளகாயைத் தொட்டுப் பார்த்துப் பறிக்கிற பழைய ஸ்காலர் ஒருவன்